பழைய ஃபோர்வீல் வண்டி: ஹப்பும் இன்ஜினும் வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: சுசுகி சாமுராய், 1.3 லிட்டர், கார்புரேட்டர் வண்டி. முன்பு வைத்திருந்தவர் முன் சக்கரத்து ஹப்பை (சக்கரத்தை ஆக்ஸில் தண்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டு) கழற்றிவிட்டு, எப்போதும் பிடித்தே இருக்கும் ஃபிளாஞ்ச் போட்டிருக்கிறார். கையால் திருப்பிப் பூட்டும் ஹப் ஒரு ஜோடி, பழையது, விலைக்கு வருகிறது. வாங்கலாமா? மைலேஜ் கூடுமா?

பதில்: மைலேஜுக்காக வாங்க வேண்டாம். கூடும், ஆனால் ஹப்புக்குக் கொடுத்த பணம் பெட்ரோலில் திரும்பி வர வெகு காலம் ஆகும். ஃபிளாஞ்ச் இருந்தால் டூவீலில், அதாவது பின் சக்கரங்கள் மட்டும் இழுத்து ஓடும்போதும், முன் ஆக்ஸில் தண்டு, டிஃபரன்ஷியல் (இரு பக்கத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் பற்சக்கரத் தொகுதி), அதற்குச் சக்தி கொண்டுவரும் முன் புரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாம் சும்மா சுற்றித் தேய்ந்துகொண்டே இருக்கும். ஹப்பைத் திறந்துவிட்டால் அவை நின்றுவிடும். அதிர்வும் இரைச்சலும் குறையும், முன் ஷாஃப்டின் கிராஸ் மூட்டு நீண்ட நாள் உழைக்கும். லாபம் அதுதான். மறுபக்கம், ஃபிளாஞ்ச் ஒரு முரட்டு இரும்புத் துண்டு. அதில் உடைய ஒன்றுமில்லை, பூட்ட மறந்து சேற்றில் சிக்குவதும் இல்லை. வண்டி பாதி நாள் காட்டுப் பாதையில்தான் ஓடும் என்றால் ஃபிளாஞ்சையே விட்டுவைப்பது நல்லது.

பழைய ஹப் என்றால் முதலில் பூட்டித் திறக்கும் டயலைப் பாருங்கள். விரலால் இரண்டு முனை வரைக்கும் தடையில்லாமல் திரும்ப வேண்டும். டயல் விளிம்பில் பிளையர் கடித்த தழும்பு இருந்தால் உள்ளே இறுகிய ஹப்பை யாரோ வலுக்கட்டாயமாகத் திருப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை வாங்காதீர்கள். பின்பக்கம் டார்ச் அடித்துப் பற்களைப் பாருங்கள். நுனி மழுங்கியிருந்தாலோ ஒரு பக்கம் மட்டும் பளபளத்தாலோ, அது பாதி பூட்டிய நிலையில் ஓடிய ஹப்.

பொருந்துமா என்பதைக் கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பி முடிவு செய்யக் கூடாது. உங்கள் ஃபிளாஞ்சைக் கழற்றி, அதன் முகத்தில் ஒரு காகிதத்தை வைத்து விரலால் அழுத்தித் தேயுங்கள். போல்ட் துளைகள், நடு வட்டம் எல்லாம் காகிதத்தில் பதிந்துவிடும். ஆக்ஸில் தண்டின் ஒரு பல்லில் சாக்பீஸ் வைத்துவிட்டு மொத்தப் பற்களையும் எண்ணி அதே காகிதத்தில் எழுதுங்கள். அதோடு போனால் கடையில் இரண்டே நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். ஹப்பின் வெளிவிட்டத்தையும் வெர்னியரில் அளந்து கொள்ளுங்கள். ரிம்மின் நடுத்துளைக்குள் அது நுழையாவிட்டால் சக்கரமே மாட்ட முடியாது.

கேள்வி: ஹப் மாட்டும் வேலையை நானே செய்யப் போகிறேன். எங்கே தப்பு நடக்கும்?

பதில்: ஹப்பில் தப்பு நடப்பது குறைவு, அதற்குப் பின்னால் இருக்கும் பேரிங்கில்தான் நடக்கும். ஃபிளாஞ்சைக் கழற்றும் நாளிலேயே பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். இரண்டு தடவை பிரிக்கிற வேலை மிச்சம்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி கை வைக்கக் கூடாது. நடு மூடி, ஆக்ஸில் நுனியில் உள்ள சர்க்ளிப் (பிடிப்பு வளையம்), போல்ட்டுகள் என்ற வரிசையில் கழற்றுங்கள். சில வண்டிகளில் ஸ்டட்டுகளைச் சுற்றிக் கூம்பு வாஷர் இருக்கும். ஸ்டட்டுக்குப் பக்கத்தில் பித்தளைக் கம்பி வைத்து ஒரு தட்டு தட்டினால் அது தானாகத் துள்ளி வெளியே வரும். அவசரப்பட்டு ஃபிளாஞ்சுக்கும் சக்கர ஹப்புக்கும் நடுவே ஸ்குரூடிரைவரைச் செருகி நெம்பினால் கேஸ்கெட் உட்காரும் முகம் கீறிப் போகும். பிறகு எத்தனை கேஸ்கெட் போட்டாலும் தண்ணீர் இறங்கும்.

பேரிங் நட்டுக்கு அதற்கென்று உள்ள குழாய் சாக்கெட் வாங்குங்கள். டயோட்டா ஹைலக்ஸ், பழைய லேண்ட் குரூசர் போன்றவற்றுக்கு 54 மி.மீ. உளி வைத்து நட்டைத் தட்டித் திருப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படித் தட்டும்போது தெறிக்கும் இரும்புத் துணுக்கு நேராகப் பேரிங்குக்குள்தான் போகும்.

பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் ஒற்றிக் காய வையுங்கள். காற்றுக் குழாயால் ஊதிச் சுழற்ற வேண்டாம். எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் உருளைகள் கெடும். உருளையில் நீல நிறம் தெரிந்தாலோ, உருளைகள் ஓடும் வெளி வளையமான கிண்ணத்தில் நகம் தட்டுகிற மாதிரி பள்ளம் இருந்தாலோ இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுப் பேரிங்கைப் பழைய கிண்ணத்தில் ஓட்டுவது வீண். கிரீஸ் லித்தியம் காம்ப்ளெக்ஸ், என்.எல்.ஜி.ஐ. 2 தரம் (கெட்டித்தன்மை அளவு) போதும். உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பால் அதை அறுப்பது போல அழுத்திக்கொண்டே போனால் மறுபக்கம் புழுப்புழுவாக வெளியே வரும். அப்படி வந்தால்தான் நிறைந்ததாகக் கணக்கு. பழைய கிரீஸ் என்ன வகை என்று தெரியாமல் அதன் மேலேயே புதுசைப் பூசக் கூடாது. சில வகைகள் சேர்ந்தால் இளகி ஒழுகிவிடும்.

அடுத்தது இறுக்கம். முதலில் சக்கரத்தை முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டே நட்டை 60 முதல் 70 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் பேரிங் ஒழுங்காக உட்காரும். பிறகு தளர்த்தி, கடைசி இறுக்கத்தை உங்கள் வண்டிக் கையேடு சொல்கிறபடி வையுங்கள். இது வண்டிக்கு வண்டி மாறும். பழைய ஜீப்புகளில் கால் சுற்று தளர்த்தச் சொல்வார்கள். சில ஜப்பான் வண்டிகளில் சக்கர ஸ்டட்டில் வில் தராசைக் கொக்கி போட்டு இழுத்து, ஹப் நகரத் தொடங்கும் எடையைப் பார்க்கச் சொல்வார்கள். அதிகம் இறுக்கினால் சூடேறிக் கருகும். தளர்ந்திருந்தால் டிஸ்க் ஆடிப் பிரேக் பேடைப் பின்னுக்குத் தள்ளும், முதல் மிதியில் பெடல் கீழே போய்விடும். பிரேக் ஆயிலைத் தேடி அலைகிறவர்கள் பல நேரம் இந்த நட்டைத்தான் பார்த்திருக்க வேண்டும். முதல் 10 கி.மீ. ஓட்டியதும் இரண்டு பக்க ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அதைத் திரும்பப் பிரியுங்கள்.

ஹப்புக்குள் கிரீஸை அடைக்காதீர்கள், பற்களில் மெல்லிய பூச்சு போதும். உள்ளே நகரும் வளையம் கிரீஸில் மாட்டிக்கொண்டு பாதி தூரமே போனால், பல் நுனியில் மட்டும் பிடித்து, முதல் பள்ளத்திலேயே பற்கள் சிதறும். சர்க்ளிப் போட ஆக்ஸில் தண்டை வெளியே இழுக்க வேண்டும். பல வண்டிகளில் தண்டின் நுனியில் மரை போட்ட துளை இருக்கும். பொருத்தமான போல்ட்டை இரண்டு திருகு திருகி இழுத்துப் பிடித்துக்கொண்டு மாட்டுங்கள். மூடி போடும்போது டயல் திறந்த நிலையில் இருக்க வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள், நீளக் கம்பி வேண்டாம். உடல் அலுமினியம், மரை பிய்ந்துவிடும்.

மாட்டி முடித்ததும் மாதம் ஒரு முறையாவது ஹப்பைப் பூட்டி ஒரு 15 கி.மீ. ஓட்டுங்கள். சும்மா நிற்கும் டிஃபரன்ஷியலின் மேல் பாதியில் எண்ணெய் வடிந்து காய்ந்துவிடும். ஹப் பூட்டியபடி டூவீல் கியரில் தார் ரோட்டில் போவதால் கெடுதல் இல்லை. ஃபோர்வீல் போட்டுக் காய்ந்த தார் ரோட்டில் போவதுதான் ஆகாது.

கேள்வி: லாடா நிவா வைத்திருக்கிறேன். அதற்கும் இப்படி ஹப் போடலாமா?

பதில்: கூடாது. நிவா, லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவை எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை, நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. முன் ஹப்பைத் திறந்துவிட்டால் இன்ஜின் சக்தி முழுக்கத் தடையில்லாத முன் ஷாஃப்டைச் சுழற்றப் போய்விடும், வண்டி நகராது. நடு டிஃபரன்ஷியலைப் பூட்டினால் நகரும், ஆனால் எந்நேரமும் பூட்டியே ஓட்டுவதற்கு அது செய்யப்படவில்லை. விற்பவர் ‘எல்லா ஃபோர்வீலுக்கும் போகும்’ என்றால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: தானாகப் பூட்டிக்கொள்ளும் ஹப் உள்ள வண்டி. ஃபோர்வீலை விடுவித்த பிறகும் ஒரு பக்கம் மட்டும் கடகடவென்று சத்தம்.

பதில்: ஃபோர்வீலை விடுவித்த பிறகு ஓரிரு மீட்டர் நேராகப் பின்னால் ஓட்டினீர்களா? பல தானியங்கி ஹப்புகள் அப்போதுதான் விடும். ஓட்டியும் சத்தம் நிற்கவில்லை என்றால் ஒரு பக்கம் விடுபடவில்லை. தண்டு ஒன்று மட்டும் சுற்றி, டிஃபரன்ஷியலின் சிறு பற்சக்கரங்களை ஓயாமல் உருட்டிக்கொண்டிருக்கும். தலைகீழாக, ஃபோர்வீல் போடும்போது ஒரு பக்கம் பூட்டாமல் போனால் முன்னால் இழுவையே இருக்காது, சக்தி திறந்த பக்கம் ஓடிவிடும். பிரித்துக் கழுவிப் பாருங்கள், பாதிக்குப் பாதி கெட்டியான கிரீஸ்தான் காரணம். இல்லையென்றால் கைப்பூட்டு ஹப்புக்கு மாறிவிடுங்கள். தானியங்கி ஹப்பைப் பழையதாக வாங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

கேள்வி: சாமுராய்க்கு 235/75 ஆர் 15 டயர் போட்டேன். மேட்டில் ஏறவே மாட்டேன் என்கிறது. பெரிய கார்புரேட்டர் போடலாமா, 1.6 இன்ஜினே ஏற்றிவிடலாமா?

பதில்: பதில் உங்கள் கேள்வியின் முதல் வரியிலேயே இருக்கிறது. வண்டியோடு வந்த 205/70 ஆர் 15 டயரின் விட்டம் 668 மி.மீ. நீங்கள் போட்டது சுமார் 733 மி.மீ. கிட்டத்தட்ட 10 சதவீதம் பெரிது. 3.73 என்று இருந்த ஆக்ஸில் விகிதம் இப்போது 3.40 போல வேலை செய்கிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகும். இதற்கு மருந்து கியர் விகிதம்: முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் குறை விகிதப் பற்சக்கரம் போடலாம், அல்லது முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும் ஒரே விகிதத்தில் மாற்றலாம். சிறிய இன்ஜின் கொண்ட சுசுகி எஸ்.ஜே. 410-இன் ஆக்ஸில் 4.11 விகிதம். மலிவாகக் கிடைத்தது என்று ஒன்றை மட்டும் மாற்றினால் ஃபோர்வீல் போட்ட உடனே முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

அதற்கும் முன்பு இன்ஜினின் உடல்நிலையைப் பாருங்கள். கம்ப்ரஷன் கேஜ் ஒன்றுதான் செலவு. இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லாப் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டர் கொடுங்கள். உங்கள் வண்டிக் கையேடு சொல்லும் அழுத்தம் வந்தால் ஆரோக்கியம். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 1 பாருக்குள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது. இந்த நிலையில் எந்தக் கார்புரேட்டரும் உதவாது.

அளவு சரியாக வந்தால் வால்வு இடைவெளி, பிளக் பொறி டைமிங், கார்புரேட்டர் மிதவை மட்டம் ஆகியவற்றைக் கையேட்டுப்படி வையுங்கள். பிறகு ஒருவரை உள்ளே உட்கார வைத்துப் பெடலை அடிவரை மிதிக்கச் சொல்லி, கார்புரேட்டரின் தட்டு நேர்செங்குத்தாக நிற்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். கேபிள் நீண்டு போய், அல்லது தரைவிரிப்பு தடித்து, முக்கால்வாசிதான் திறக்கும் வண்டிகள் உண்டு. அதற்குத் தீர்வு ஒரு நட்டைத் திருகுவது.

1.6 இன்ஜின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது, சாமுராயில் அதை ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் இன்ஜினை மட்டும் வாங்குவதுதான் பெரிய பொறி. ஒயரிங், கணினிப் பெட்டி, சென்சார்கள் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து, ஒயர் முனைப் பிளக்குகளை வெட்டாமல் வர வேண்டும். எரிபொருள் குழாயும் மாற வேண்டும். கார்புரேட்டர் பம்ப் தரும் அழுத்தம் 0.2, 0.3 பார் அளவுதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள அமைப்புக்கு 2.5 முதல் 3 பார் வரை வேண்டும். பழைய ரப்பர் குழாய் அந்த அழுத்தத்தில் சூடான இன்ஜின் மேல் பெட்ரோலைப் பீய்ச்சும். ரேடியேட்டரும் பிரேக்கும் கணக்கில் சேர்க்கப்பட வேண்டியவை. பதிவுப் புத்தகத்திலும் காப்பீட்டிலும் இன்ஜின் மாற்றத்தை ஏற்பார்களா என்பதை வாங்குவதற்கு முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிவா ரிம்மும் சுசுகி ரிம்மும் ஒரே துளை அளவு என்கிறார்கள். மாற்றிப் போடலாமா? ஸ்பேசர்?

பதில்: துளை வட்டம் இரண்டுக்கும் 5 துளை, 139.7 மி.மீ.தான். நடுத்துளைதான் வேறு: சுசுகிக்கு சுமார் 108, நிவாவுக்கு சுமார் 98. நிவா ரிம் சுசுகி ஹப்பில் ஏறவே ஏறாது. சுசுகி ரிம் நிவாவில் ஏறும், ஆனால் நடுவில் உட்கார வளையம் தேவை. ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே போடும் தட்டு) போட்டே ஆக வேண்டும் என்றால் ஹப்பிலேயே நடுவாக உட்காரும் வகையாகப் பாருங்கள். 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டு குறைந்தது 12 மி.மீ. மரையாவது பிடிக்க வேண்டும், முதல் 50, 100 கி.மீ.க்குப் பிறகு மறுபடி டார்க் ரெஞ்ச் வைக்க வேண்டும். சக்கரம் வெளியே தள்ளும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பேரிங்கின் மேல்தான் சுமை.

கேள்வி: ஆறு தாண்டிவிட்டு வந்த பிறகு ஹப்பைத் திறந்தால் கிரீஸ் சாம்பல் நிறத்தில் பால் போல இருக்கிறது.

பதில்: தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பேரிங் வரை பிரித்துக் கழுவிப் புதுக் கிரீஸ் போடுங்கள், பின்பக்க ஆயில் சீலையும் மூடிக் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள். அடுத்த முறை இறங்குமுன் பத்து நிமிடம் கரையில் நிறுத்தி, ஹப் ஆறட்டும். டிஃபரன்ஷியல் மூச்சுக் குழாயை இன்ஜின் அறை வரை ஒரு ரப்பர் குழாயால் உயர்த்திக் கட்டிவிட்டால் அங்கேயும் இதே கதை நடக்காது.