களுவாஞ்சிக்குடியில் கஸ்கேட் ஹொப்ஸ் நடலாமா?

கேள்வி: கனடாவில் இருக்கும் மச்சான் தன் தோட்டத்து 'கஸ்கேட்' ஹொப்ஸ் வேர்த்துண்டுகளைக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். பியருக்குப் போடும் பூவாம். என் பாகல் பந்தல் சும்மா கிடக்கிறது. நட்டால் வருமா? அதில் அப்படி என்ன விசேஷம்? - களுவாஞ்சிக்குடி விவசாயி

பதில்: தம்பி, இதை நம்பிப் பந்தலை ஒதுக்க வேண்டாம். தடையாக நிற்பது மண்ணோ தண்ணீரோ அல்ல, பகல்தான்.

ஹொப்ஸ் அதிகம் விளையும் அமெரிக்காவின் யக்கிமாவில் ஆனி மாதப் பகல் 15 மணித்தியாலத்தைத் தாண்டும். அந்த நீண்ட பகலில் கொடி 18 அடி கம்பியில் ஏறி, பகல் குறையத் தொடங்கியதும் பூக்கும். மட்டக்களப்பில் ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ 12.5 மணித்தியாலம். அதனால் கொடி ஏறி முடிக்கும் முன்பே பூத்துவிடும். கைப்பிடிப் பூ தேறினால் பெரிது. பிரேசிலில் இரவில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டி வளர்க்கிறார்கள். நம் மின்கட்டணத்துக்கு அது கட்டுமா, நீங்களே சொல்லுங்கள்.

விசேஷம் உண்டு, மறுக்கவில்லை. கஸ்கேட் 1972இல் அமெரிக்காவின் ஒரிகனில் வெளியான இனம். பெண்கொடியின் கூம்புப் பூவை விரித்தால் உள்ளே மஞ்சள் தூள் இருக்கும். கசப்பும் வாசமும் அதில்தான். கசப்பு தரும் அல்ஃபா அமிலம் இதில் 4.5 முதல் 7 சதவீதம் வரைதான், நடுத்தரம். இதற்குப் புகழ் வந்ததே வாசத்தால்தான்: கிரேப்ஃபுரூட் என்ற தோடை இனப் பழத்தின் தோலைக் கீறிய மணம், கூடவே பூமணம். ஒரு மணித்தியாலம் கொதித்தால் கசப்பு பியருக்குள் இறங்கும், மணம் ஆவியாகிவிடும். அதனால் பெரும்பகுதியைக் கொதி முடியும் தறுவாயிலோ, புளித்து ஆறிய பியரிலோ போடுவார்கள். சொதியை அடுப்பால் இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுகிறோமே, அதே கணக்கு. அமெரிக்கப் பேல் ஏல் பியருக்கு அந்தச் சுவை வந்தது பெரும்பாலும் இதனால்தான். காய்ந்த பூவைக் குளிரில் வைக்காவிட்டால் சீக்கிரம் வீரியம் இழக்கும்.

இன்னொன்று. வேர்த்துண்டைப் பயணப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி இல்லாமல் நடுகைப் பொருள் கொண்டுவருவது குற்றம். அதோடு வரும் நோய் அயல் தோட்டங்களுக்கும் பரவும். கலால் அனுமதி இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சவும் முடியாது.

பந்தலுக்கு வருவோம். பாகல் இருந்த இடத்தில் உடனே புடலை வேண்டாம், இரண்டுக்கும் பழ ஈ ஒன்றுதான். இந்தப் போகம் கொடிப் பயிற்றை போடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் பக்கம் கிடுகு மறைப்புக் கட்டிவிடுங்கள்.