யாருமே இல்லாமல் பிள்ளை பெறுவது: கேள்வி பதில்

லேபர் வார்டிலும் வீட்டுப் பிரசவங்களிலும் வேலை பார்த்த மிட்வைஃப் (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்) ஒருவர், மருத்துவ உதவியே இல்லாமல் பெற்றுக்கொள்ள நினைக்கும் தாய்மார்களுக்கும் வீட்டாருக்கும் சொன்ன பதில்கள்.

கேள்வி: முதல் பிரசவத்தில் ஆள் மாற்றி ஆள் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் உள்பரிசோதனை செய்தார்கள். சொல்லாமலே பிறப்பு வழியை வெட்டித் தையல் போட்டார்கள். கத்தியதற்குத் திட்டு வேறு. இந்த முறை யாரையும் கூப்பிடாமல் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் போகிறேன். எல்லாரும் பைத்தியம் என்கிறார்கள், சிஸ்டர்.

பதில்: பைத்தியம் இல்லைம்மா. இந்த முடிவுக்கு வந்து என்னிடம் பேசியவர்களில் பலருக்கும் பின்னால் இப்படி ஒரு பிரசவம் இருந்தது. பயம் நியாயமானதாகவும் இருக்கலாம். 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதலாவதில் டாக்டர்களும் மாணவர்களும். பிணத்தை அறுத்துப் படித்த கையோடு வந்து தாய்மாரைப் பரிசோதிப்பார்கள். இரண்டாவதில் மிட்வைஃப்கள். 1846-ல் முதல் வார்டில் 100 தாய்மாரில் 11 பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 3 பேர்கூட இல்லை. முதல் வார்டில் சேர்க்காதீர்கள் என்று மண்டியிட்டுக் கெஞ்சிய பெண்கள் உண்டு. வழியில் தெருவிலேயே பெற்றுக்கொண்டவர்களும் உண்டு. செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847-ல் எல்லாரையும் குளோரின் கரைசலில் கைகழுவ வைத்த பிறகுதான் சாவு குறைந்தது. அந்தப் பெண்களுக்கு அதற்கு முன்பே விஷயம் தெரிந்திருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனி. அவர்கள் கெஞ்சியது இரண்டாவது வார்டில் இடம் கேட்டு. உனக்கு வேண்டாதது அந்த மனிதர்களா, இல்லை யாருமே வேண்டாமா? முதலாவது என்றால் வழி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பரிந்துரைகளைப் பார். நீ விரும்பும் துணை ஒருவர் கூடவே இருக்கலாம், வலி நேரத்தில் எழுந்து நடக்கலாம், வழக்கமான உள்பரிசோதனை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும், எல்லாருக்கும் வெட்டித் தைப்பது கூடாது. இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஏழாம் மாதமே போய்க் கேள். முகம் சுளித்தால் வேறு இடம் தேடு. கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்காதே. கோபித்தால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

கேள்வி: ஆடு, மாடு, பூனை எல்லாம் தானாகத்தானே ஈனுகின்றன?

பதில்: அவை நாலு காலில் நிற்கின்றன. நிமிர்ந்து நடக்கும் நமக்கு இடுப்பெலும்பின் வழி குறுகல், பிள்ளையின் தலை பெரிது. பெரும்பாலும் முகத்தைத் தாயின் முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பிள்ளை வெளியே வரும், அதனால் தாயே குனிந்து எடுப்பது சிரமம். ஆடு மாடுகளும் பிரசவத்தில் சாவதுண்டு. அதை வளர்ப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: என் பாட்டி ஐந்து பிள்ளைகளையும் வீட்டில்தான் பெற்றார்.

பதில்: மருத்துவச்சி இருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அது உதவியில்லாப் பிரசவம் ஆகாது. பிரசவத்தில் போன பாட்டிகளின் கதை நமக்கு வந்து சேர்வதும் இல்லை.

கேள்வி: மிட்வைஃபோடு வீட்டில் பெறுவதும் ஆபத்தா?

பதில்: இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை. இங்கிலாந்தில் 2011-ல் வெளிவந்த பெரிய ஆய்வு, சிக்கல் வாய்ப்புக் குறைந்த 64,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கணக்கெடுத்தது. ஏற்கெனவே பெற்றவர்களில், மிட்வைஃபோடு வீட்டில் பெற்றதால் பிள்ளைக்குக் கூடுதல் பாதிப்பு தெரியவில்லை. தலைப்பிரசவத்தில் மட்டும் பாதிப்பு கொஞ்சம் கூடியது. 100 தலைப்பிரசவத்தில் சுமார் 45 பேரை வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு மாற்றவும் வேண்டியிருந்தது. மாற்ற முடிந்தது என்பதுதான் இதில் முக்கியம்; கவனிக்க ஆளும் போக வண்டியும் இருந்தன.

கேள்வி: பி.பி., சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் நார்மல். பிறகு என்ன ஆகிவிடும்?

பதில்: பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதை மறைத்து யாரையும் பயமுறுத்த மாட்டேன். ஆனால் எனக்குக் கவலை பிள்ளை வெளியே வந்த பிறகுதான். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்கினால்தான் அந்தக் குழாய்கள் மூடும். சுருங்காவிட்டால் சில நிமிடங்களில் தாய்க்கு நினைவு தப்பலாம். யாருக்குச் சுருங்காது என்று எந்த ஸ்கேனும் உறுதியாகச் சொல்லாது. இதற்காகத்தான் பிள்ளை வந்த உடனே, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடாசின் ஊசி 10 யூனிட்.

பிள்ளைக்கும் அப்படித்தான். சில குழந்தைகள் தானாக மூச்சு எடுக்காது. துடைத்து, முதுகைத் தேய்த்தும் அழாவிட்டால் முதல் நிமிடத்துக்குள் மாஸ்க் வைத்துக் காற்று கொடுக்க வேண்டும். ரத்தம் போய்க்கொண்டிருக்கும் தாயே அதைச் செய்ய முடியுமா?

கேள்வி: கடவுள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டால்?

பதில்: அமெரிக்காவின் இண்டியானாவில் மருத்துவத்தையே ஒதுக்கிய ஒரு மதக் குழுவின் 1975 முதல் 1982 வரையான பிரசவங்களை ஆராய்ந்தார்கள். பிரசவத்தை ஒட்டிய சிசு மரணம் மற்றவர்களைவிட 3 மடங்கு, தாய் மரணம் சுமார் 100 மடங்கு. கும்பிட்டுவிட்டே வாருங்கள், லேபர் வார்டில் யாரும் தடுப்பதில்லை.

கேள்வி: மனைவி யாரும் வேண்டாம் என்று பிடிவாதமாக இருக்கிறாள். டாக்டரிடம் இழுத்துப் போகலாமா?

பதில்: இழுக்காதீர்கள் தம்பி. அதட்டினால் வலி வந்ததையே மறைப்பார். போன பிரசவத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். வார்டில் நீங்கள் கூடவே இருந்து, "அவளைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்" என்று சொல்லத் தயாரா? அதைச் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால், கேலி செய்யாத மிட்வைஃப் ஒருவரிடம் சும்மா பேசவாவது சம்மதம் வாங்குங்கள்.

கேள்வி: வண்டி வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டால்?

பதில்: போனில் ஆம்புலன்ஸ்காரரை விட்டுவிடாதீர்கள். பிள்ளையை நன்றாகத் துடைத்துத் தாயின் வெறும் மார்பில் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தொப்புள்கொடியை இழுக்கவும் வேண்டாம், வீட்டு பிளேடால் வெட்டவும் வேண்டாம். நஞ்சு தானாக வந்தால் கொடியோடு ஒரு பையில் போட்டுப் பிள்ளை பக்கத்திலேயே வையுங்கள். பால் குடிக்க வையுங்கள், கர்ப்பப்பை சுருங்க உதவும். நஞ்சு வந்த பிறகும் ரத்தம் கொட்டினால், தொப்புளுக்குக் கீழே வயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருங்கள், அது பந்து போல் கெட்டியாகும்வரை.