பட்டாளத்துக்குப் போன தாத்தாவைத் தேடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ராணுவ ஆவண அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மதுரை திருநகரில் இருக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் போன தாத்தாவைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பலர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து ஒரு பேத்தி: அப்பத்தாவின் தகரப் பெட்டியில் நட்சத்திர வடிவில் ஒரு பதக்கமும், தாத்தா சீருடையில் நிற்கும் ஒரு படமும் இருக்கின்றன. "பர்மாவுக்குப் போனாக" என்பதற்கு மேல் அப்பத்தாவுக்கு எதுவும் தெரியவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதக்கத்தைத் திருப்பிப் பாருங்கள் அம்மா. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் கிடையாது. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பின்பக்கம் படையில் அவருக்குக் கொடுத்த நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். வட்டமான பதக்கமாக இருந்தால் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்க வேண்டாம். அப்படித் தேய்த்தே எழுத்து போன பதக்கங்களைப் பார்த்து மனம் வெதும்பியிருக்கிறேன். வெளிச்சத்தைச் சாய்வாக விழவைத்து போனில் படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும்.

அந்த நம்பர்தான் எல்லாமே. கருப்பன், முத்து, பெருமாள் என்ற பெயரில் ஒரே படைப்பிரிவில் நூறு பேர் இருப்பார்கள். நம்பர் ஒருவருக்குத்தான். என் சொந்தப் பெரியப்பாவுக்காக ஓர் அலுவலகத்துக்கு நானே பெயரை மட்டும் வைத்து மூன்று முறை எழுதி, மூன்று முறையும் "பதிவு இல்லை" என்ற பதிலைத்தான் வாங்கினேன். அப்புறம் ஒரு பழைய கடித உறையில் நம்பர் கிடைத்தது. நாலாவது கடிதத்துக்கு ஒரு மாதத்தில் பதில் வந்துவிட்டது.

எந்த நட்சத்திரம் என்பதை முன்பக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். பர்மா நட்சத்திரம் என்றால் நாடாவின் நடுவில் அகலமான சிவப்பு, இரண்டு பக்கமும் நீலம், நீலத்தின் நடுவே ஆரஞ்சுக் கோடு இருக்கும். ஆப்பிரிக்கா, இத்தாலி நட்சத்திரங்களும் நம் பக்கத்து வீடுகளில் உண்டு.

படத்தில் தோள்பட்டை எழுத்தையும் கைமேல் தைத்த அடையாளத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் பூனை என்றால் 17-வது இந்திய டிவிஷன் (டிவிஷன் என்றால் பல ஆயிரம் பேர் கொண்ட பெரிய படைத்தொகுதி), செங்கழுகு என்றால் 4-வது, சண்டைச் சேவல் என்றால் 23-வது. சுருக்கெழுத்துகளும் முக்கியம். "கியூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்" என்று இருந்தால் மதராஸ் சாப்பர்ஸ், அதாவது பாதை, பாலம், கண்ணிவெடி வேலை பார்த்த பொறியியல் படை. "ஆர்.ஐ.ஏ.எஸ்.சி." என்றால் லாரியும் ரேஷனும் பார்த்த சர்வீஸ் கோர். "ஐ.ஏ.எம்.சி." என்றால் மருத்துவப் படை.

உசிலம்பட்டியிலிருந்து: எங்கள் சீயானுடைய (தாத்தாவுடைய) பதக்கம், காகிதம் எதுவுமே மிஞ்சவில்லை. கூரை வீடு எரிந்ததில் எல்லாம் போய்விட்டது.

மதுரையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு முதலில் போங்கள். ஓய்வூதியம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாந்திர உதவித்தொகை கொடுக்கிறது. சீயானோ அவர் வீட்டம்மாவோ எப்போதாவது அதை வாங்கியிருந்தால் அந்தக் கோப்பில் நம்பரும், படையிலிருந்து விடுவித்த டிஸ்சார்ஜ் சான்றின் நகலும் இருக்க வாய்ப்பு உண்டு.

முன்னாள் படைவீரர் என்ற வகையில் நிலம் ஒப்படைக்கப்பட்டதா என்று தாலுகா அலுவலகத்திலும் கேளுங்கள். பங்காளி வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். ஒரே ஊரிலிருந்து நாலு பேர் சேர்ந்து ஆளெடுப்புக்குப் போவது அப்போது சாதாரணம். கூடப் போனவருடைய காகிதம் ஒன்று கிடைத்தாலும், சீயான் இருந்த படைப்பிரிவுக்கு அது வழி காட்டும்.

பேரையூரிலிருந்து: தாத்தா 1940-இல் சேர்ந்தார் என்கிறார்கள். வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் ஆவண அலுவலகத்துக்கு எழுதினால் போதுமா?

வருடம் சரியாக இருந்தால் வெலிங்டனில் கிடைப்பது சந்தேகம். மதராஸ் ரெஜிமென்டின் பழைய பட்டாலியன்களை 1920-களில் கலைத்துவிட்டார்கள். போர் முற்றிய பிறகு 1941-இல்தான் ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். இடையில் கலையாமல் இருந்தது மதராஸ் சாப்பர்ஸ். 1939, 40-இல் சேர்ந்தவர் என்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது சாப்பர்ஸ் ஆவணங்கள் இருக்கும் பெங்களூரை.

எங்கே எழுதுவது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். மதராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன். சாப்பர்ஸ், பாதை வேலையும் சுமை வேலையும் பார்த்த பயனீர் படை, சர்வீஸ் கோரின் தென்பிரிவு மூன்றுக்கும் பெங்களூர். தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக் ரோடு, மருத்துவப் படை லக்னோ. ஆயுதக் கிடங்கு பார்த்த ஆர்டினன்ஸும், வண்டியும் கருவியும் பழுதுபார்த்த இ.எம்.இ.யும் செகந்தராபாத். கடற்படைக்கு மும்பை மான்குர்டில் உள்ள மாலுமிகள் ஆவணப் பிரிவு. விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க்.

கடிதத்தை ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். நம்பர், படைப்பிரிவு, பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, உங்களுக்கு அவர் என்ன உறவு. இவ்வளவு போதும். மாவட்டத்தை அன்றைய பெயரில் எழுதுங்கள். ஆவணத்தில் மதுரை "மதுரா" என்றும் ராமநாதபுரம் "ராம்நாட்" என்றும்தான் இருக்கும். திண்டுக்கல் 1985-இல்தான் தனி மாவட்டமானது. அந்த ஊர்க்காரர்களும் "மதுரா" என்றே போட வேண்டும்.

மேலூரிலிருந்து ஓர் ஆசிரியர்: எழுதிப் பார்த்துவிட்டேன். "விதிப்படி ஆவணங்கள் அழிக்கப்பட்டன" என்று பதில் வந்துவிட்டது. இனி வழி இல்லையா?

உண்டு. ஓய்வூதியம் பெறாதவரின் முழுக் கோப்பை 25 ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. போர் முடிந்ததும் கலைத்து அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் ஓய்வூதியம் இல்லாதவர்கள். அதனால் உங்களுக்கு வந்த பதில் பொய்யல்ல. ஆனால் அது முழுப் பதிலும் அல்ல. "லாங் ரோல்" என்று ஒரு பெரிய பேரேடு உண்டு. அதை அழிப்பதில்லை, நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஒன்றிரண்டு வரிகள்தான் இருக்கும். ஆனாலும் நம்பர், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம் இந்த மாதிரி அடிப்படை விவரங்கள் கிடைக்கும்.

அடுத்த கடிதத்தில் "சர்வீஸ் ரெக்கார்டு" என்று பொதுவாகக் கேட்காமல், "லாங் ரோல் பதிவின் நகல்" என்று அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அதையே கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தனிநபர் விவரம் என்று மறுத்தால் சட்டத்தின் 8(3) பிரிவைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு என்றால் அந்தக் காரணம் செல்லாது. அந்தக் காகிதத்தின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவன் நான். பேரேட்டின் பெயரைச் சொல்லிக் கேட்கும் கடிதத்துக்கு எழுத்தர் எழுந்து போய் அலமாரியைத் திறப்பார்.

சோழவந்தானிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: நம்பரும் படைப்பிரிவும் கிடைத்துவிட்டன. தாத்தா மதராஸ் சாப்பர்ஸ், 12-வது பீல்டு கம்பெனி. அவர் எந்தச் சண்டையில் இருந்தார் என்பதை எப்படி அறிவது?

நான் மிகவும் சந்தோஷப்பட்ட கேள்வி இது. கம்பெனி எண் வரை போனவர்கள் குறைவு.

போர்க்களத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் "வார் டைரி" எழுத வேண்டும். ஓர் அதிகாரி நாள்தோறும் எழுதி, மாதம் முடிந்ததும் மேலே அனுப்புவார். எங்கே முகாம், எந்தப் பாதையைச் சரிசெய்தார்கள், எத்தனை பேர் காயம் என்று எல்லாம் அதில் வரும். லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை இருக்கின்றன. டபிள்யூ.ஓ. என்பது அன்றைய பிரிட்டிஷ் போர் அலுவலகத்தின் சுருக்கம். மத்திய கிழக்கு என்றால் டபிள்யூ.ஓ. 169, இத்தாலி என்றால் டபிள்யூ.ஓ. 170, பர்மாவும் தென்கிழக்கு ஆசியாவும் என்றால் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் தேடுங்கள். பட்டியலை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். பக்கங்களின் நகலுக்குப் பணம் கட்ட வேண்டும். அங்கே படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை யாராவது இருந்தால், நேரில் போய்ப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செலவு மிச்சம்.

டைரியில் தாத்தாவின் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள். அதிகாரிகளின் பெயர்கள்தான் வரும். சிப்பாய்கள் "3 ஓ.ஆர். காயம்" (ஓ.ஆர். என்றால் அதிகாரி அல்லாதவர்) என்று எண்ணிக்கையாக மட்டும் வருவார்கள். எனக்கு அது இன்றும் வலிக்கிற விஷயம். ஆனால் கம்பெனி எங்கே இருந்ததோ அங்கே அவரும் இருந்தார், விடுப்பிலோ மருத்துவமனையிலோ இல்லாத வரை.

உங்கள் தாத்தாவின் கம்பெனி 4-வது இந்திய டிவிஷனில், அந்தச் செங்கழுகு டிவிஷனில், இருந்தது. அந்த டிவிஷன் 1941 மார்ச்சில் எரித்ரியாவின் கெரன் மலைகளில் போரிட்டது. அப்புறம் வட ஆப்பிரிக்கப் பாலைவனம். 1944 பிப்ரவரியில் இத்தாலியின் கசினோ. அதே டிவிஷனில் இருந்த மதராஸ் சாப்பர்ஸின் 11-வது பீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-இல் மின்யானோ என்ற இடத்தில் வெடிக்கவிருந்த கண்ணிவெடிமேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீரப் பதக்கத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவர். உங்கள் தாத்தா அந்தச் செய்தியை முகாமில் கேட்டிருப்பார். இத்தாலியைப் பற்றி வீட்டில் அவர் ஏதாவது சொல்லியிருந்தால் அதை இந்தத் தேதிகளோடு வைத்துப் பாருங்கள்.

செக்கானூரணியிலிருந்து: தாத்தா பயனீர் படை. "ரோடு போட்டேன், மூட்டை தூக்கினேன்" என்றுதான் சொல்வார். அதற்கெல்லாம் ஆவணம் தேடுவது வீணா?

அப்படி நினைக்காதீர்கள் தம்பி. பர்மாவில் சண்டை நடந்ததே பாதையை நம்பித்தான். ஆறு மாத மழையில் மலைப்பாதை சேறாகிச் சரியும். அதை வெட்டிக் கல் போட்டவர்கள் இல்லாமல் ஒரு லாரி அரிசிகூட முன்னால் போயிருக்காது. 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் மேல் 1,154 அடி நீளத்துக்குப் பாலம் போட்டார்கள். இரும்புச் சட்டங்களைக் கோத்துப் போடுகிற பெய்லி பாலங்களில் உலகத்திலேயே நீளமானது என்று அன்றைக்குப் பெயர் வாங்கியது அது. பயனீர் கம்பெனிகளுக்கும் வார் டைரி உண்டு. தாத்தாவின் பதிவுக்குப் பெங்களூருக்கு எழுதுங்கள்.

திருப்புவனத்திலிருந்து: எங்கள் தாத்தா மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். நேதாஜி படையில் சேர்ந்தார். எந்த ரெஜிமென்டில் தேடுவது?

எந்த ரெஜிமென்டிலும் இருக்க மாட்டார். இதில் இரண்டு வகை மனிதர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தபோது சிறைப்பட்டு, அப்புறம் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்த சிப்பாய்கள் ஒரு வகை. அவர்களுக்குப் பழைய ரெஜிமென்டில் பதிவு இருக்கும். போருக்குப் பிறகு பிரிட்டிஷார் அவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். கறுப்பு என்று எழுதியிருப்பதைப் பார்த்து வெட்கப்படாதீர்கள். கடைசி வரை நேதாஜி பக்கம் நின்றவர் என்று அதற்குப் பொருள்.

உங்கள் தாத்தா இரண்டாவது வகை. 1943-இல் நேதாஜி வந்த பிறகு தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் சேர்ந்த தமிழர்களில் ஒருவர். பிரிட்டிஷ் இந்தியப் படையில் அவருக்கு நம்பரே கிடையாது. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. ஆவணங்கள் உள்ளன. அவர்களுடைய இணையப் பக்கத்தில் முதலில் தேடிப் பாருங்கள். அதைவிட முக்கியமானது தியாகி ஓய்வூதியக் கோப்பு. மத்திய அரசின் திட்டம் 1972-இல் வந்தது, மாநில அரசின் திட்டம் தனி. விண்ணப்பத்தோடு சிறைச் சான்றோ, கூட இருந்த தியாகி கொடுத்த சான்றோ வைக்க வேண்டியிருந்தது. எந்தப் பிரிவு, எந்த முகாம் என்பதெல்லாம் அதில் வரும். ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். 1985 வரை பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குத் தலைமையிடம் மதுரையிலேயே இருந்தது. அதனால் சிவகங்கையோடு நிறுத்தாமல் இங்கேயும் விசாரியுங்கள்.

நத்தத்திலிருந்து: தாத்தாவின் அண்ணன் திரும்பி வரவே இல்லை. ஒரு தந்தி மட்டும் வந்ததாம்.

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் இன்றைக்கே தேடலாம், பணம் கிடையாது. இந்து வீரர்களைப் பெரும்பாலும் தகனம் செய்துவிடுவார்கள். அதனால் கல்லறையைத் தேடாமல் நினைவுச் சுவரில் பெயரைத் தேடுங்கள். பர்மாவில் இறந்து கல்லறை இல்லாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் ரங்கூனுக்கு அருகே தவுக்யானில் இருக்கின்றன. சிங்கப்பூர் கிராஞ்சியில் சுமார் 24,000 பெயர்கள். பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் சேர்த்தே இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலை நாலைந்து விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அலங்காநல்லூரிலிருந்து: ஊரில் "1914–1919" என்று ஒரு கல் இருக்கிறது. அதில் தாத்தா இருப்பாரா?

அது முதல் உலகப் போர்க் கல். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. உங்கள் தாத்தாவின் அப்பா காலம் அது.

வாடிப்பட்டியிலிருந்து: பதில் வந்துவிட்டது. ஆனால் பெயர் "முத்து" என்று மட்டும் இருக்கிறது. வயதும் இரண்டு வருடம் கூடியிருக்கிறது. இது எங்கள் தாத்தாதானா?

வயதைப் பெரிதுபடுத்த வேண்டாம். பிறந்த தேதி யாருக்கும் சரியாகத் தெரியாத காலம். பதினாறு வயதுப் பையன் பதினெட்டு என்று சொன்னால் அதையே எழுதிக்கொண்டார்கள். பெயரையும் வாய்க்கு வந்தபடி சுருக்கினார்கள். தகப்பனார் பெயர், ஊர், வாரிசாக எழுதியிருக்கும் பெயர் மூன்றையும் பாருங்கள். அப்புறம், டிஸ்சார்ஜ் காகிதத்தில் அடையாளக் குறி என்று ஓர் இடம் இருக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் அதைக் காட்டாமல், தாத்தாவுக்கு உடம்பில் எங்கே தழும்பு இருந்தது என்று முதலில் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு காகிதத்தைப் பாருங்கள்.