தீக்கோடு வெட்டும் மாதங்கள்

முதுமலையில் வனவராக இருந்து ஓய்வுபெற்றவர், காட்டுப் பராமரிப்பு வேலைகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: பொங்கல் விடுமுறையில் ஊட்டியிலிருந்து மைசூருக்குக் காரில் போனோம். தெப்பக்காட்டுக்கு அந்தப் பக்கம் சாலையோரப் புல்லுக்கு வனத்துறை ஆட்களே தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். நாம் ஒரு பீடியை வீசினால் குற்றம், அவர்கள் கொளுத்தினால் குற்றமில்லையா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. காட்டோரம் புகையைப் பார்த்தால் யாருக்கும் பதறத்தான் வேண்டும். நீங்கள் பார்த்தது தீத்தடுப்புக் கோடு. நாங்கள் தீக்கோடு என்போம், ஃபயர் லைன் என்றும் சொல்வோம்.

முதுமலையின் நடுப்பகுதி இலையுதிர் காடு. தேக்கு, வெண்தேக்கு, வேங்கை, மருது, நெல்லி என்று கோடையில் மொட்டையாக நிற்கிற மரங்கள். மழையில் ஆளுயரம் வளர்ந்த புல் மார்கழியில் காய ஆரம்பிக்கும். தை, மாசியில் அதன்மேல் சருகு கொட்டும். அப்போது ஒரு பொறி போதும். அந்தப் பொறி பெரும்பாலும் மனிதர்கள் கையிலிருந்துதான் வருகிறது, அதுவும் சாலையோரத்திலும் ஊர் எல்லையிலும். அதனால்தான் அந்த இடங்களிலேயே புல்லை அறுத்து, முன்கூட்டியே எரித்து, வெறும் தரையாக்கி வைக்கிறோம். பிறகு தீ வந்தாலும் அங்கே தின்ன எதுவும் இருக்காது. நிற்காவிட்டாலும் வேகம் குறையும், ஆட்கள் நின்று அடிக்க ஓர் இடம் கிடைக்கும்.

எப்போது எரிப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. முதுமலையில் மழை ஒரே சீராகப் பெய்யாது. மேற்கே பென்னை பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், கிழக்கே மசினகுடி, மாயார் போகப் போக மழை பாதிக்கும் கீழே போய்விடும். ஆக, காலண்டரைப் பார்த்து எல்லா இடத்திலும் ஒரே நாளில் கத்தியைத் தூக்க முடியாது. சீக்கிரம் அறுத்தால் புல் மறுபடி துளிர்த்துவிடும். தாமதித்தால் நாம் வைக்கிற தீயே கைமீறும். என்னோடு இருந்த குறும்பர் பெரியவர் ஒருவர் நாலைந்து இடத்தில் புல்தண்டை மடக்கிப் பார்ப்பார். நடுத்தண்டு ‘பட்’டென்று ஒடியணும், அடித்தண்டு வளையணும். அப்படி இருந்தால்தான் ‘நாளைக்கு வைக்கலாம்’ என்பார். அவர் தலையாட்டாமல் நான் தீக்குச்சி எடுக்க விட்டதில்லை.

எரிப்பது பனி பாதி இறங்கிய காலையில், இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு. காட்டுப் பக்க ஓரத்தில் பச்சைத் தழையோடு ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், தண்ணீர்த் தெளிப்பான்களும் தயாராக இருக்கும். நெருப்பு அணைந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. விழுந்த மரக்கட்டையும் காய்ந்த யானை லத்தியும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். லத்தி மேலே சாம்பலாகத் தெரியும், காலால் புரட்டினால் நடுவில் சிவப்பு. ராத்திரிக் காற்றில் அந்தக் கங்கு கோட்டைத் தாண்டிப் பறந்தால் எல்லாம் வீண். ஒவ்வொன்றாகப் புரட்டி மண்ணைப் போட்டு மூடிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அப்புறம் பிப்ரவரியில் தேக்கிலை கொட்டி அதே கோட்டை மறுபடி மூடும். திரும்பப் போய்ப் பெருக்கணும். இப்போது இலை ஊதும் இயந்திரம் வந்துவிட்டது. நாங்கள் விளக்குமாறு மாதிரி தழையைக் கட்டிக்கொண்டு மைல் கணக்கில் பெருக்கியிருக்கிறோம்.

2019 பிப்ரவரியில் பக்கத்துப் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தது. பந்திப்பூரும் முதுமலையும் ஒரே காடு, நடுவில் மாநில எல்லை மட்டும்தான். எல்லையோரக் கோட்டை யார் எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்பது அந்த மாதிரி நாளில்தான் தெரியும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தீக்கோட்டில் இருக்கிற புல்லை எரிப்பதைத்தான் நான் ஆதரிக்கிறேன். ‘உள்காட்டையும் எரித்தால் புதுப்புல் வரும், மான் தின்னும்’ என்று சொல்பவர்கள் உண்டு. அடிக்கடி எரிந்த காட்டில் மரக்கன்று எழும்புவதில்லை, லன்டானா என்கிற உண்ணிச்செடிதான் எழும்புகிறது. அதை நான் கண்ணால் பார்த்தவன்.

கேள்வி: உண்ணிச்செடியின் பூ அழகாக இருக்கிறதே, அதை ஏன் பிடுங்குகிறார்கள்? எங்கள் தோட்ட வேலியிலும் வருடா வருடம் வெட்டுகிறோம், முன்னைவிட அடர்த்தியாக வருகிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: அழகுக்காகக் கொண்டுவந்ததுதான் அம்மா. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி, வெள்ளைக்காரர் காலத்தில் பூங்காவுக்கென்று வந்து காடெல்லாம் பரவிவிட்டது. மானும் காட்டெருமையும் அதைத் தின்னாது, மாடு தின்றால் நோய்வாய்ப்படும். அதன் அடியில் புல் முளைக்காது. தீக்காலத்தில் இன்னும் மோசம். தரையில் போகிற தீ உண்ணிப்புதர் வழியாக ஏறி மரத்தின் தலையைப் பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் தண்டை வெட்டுகிறீர்கள், அதனால்தான் அடர்த்தியாக வருகிறது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்துகாட்டிய முறை ஒன்று இருக்கிறது. புதரின் அடியில் மண்ணை விலக்குங்கள். தண்டும் வேரும் சேருகிற இடம் தெரியும். அதற்கு மூன்று நாலு சென்டிமீட்டர் கீழே வேரை வெட்டுங்கள். முழுசாகத் தோண்டி மண்ணைக் கிளற வேண்டாம், கிளறினால் புதைந்து கிடக்கிற விதையெல்லாம் முளைக்கும். வெட்டிய புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள், வேர் வானத்தைப் பார்த்தபடி. நேராகப் போட்டால் மண்ணைத் தொட்டு மறுபடி பிடித்துக்கொள்ளும். காய் பழுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். மழை முடிந்ததும் உங்கள் தோட்டத்தில் குருவிகள் உட்காருகிற மரங்களின் அடியைப் பாருங்கள். கொண்டைக்குருவி பழத்தைத் தின்று அங்கேதான் எச்சமிடும், அங்கே கன்று முளைத்திருக்கும். கையாலேயே பிடுங்கலாம். இரண்டு மூன்று வருடம் விடாமல் செய்தால் ஓயும். வெட்டிய இடத்தைச் சும்மா விடாமல் உள்ளூர்ப் புல்விதையைத் தூவிவிடுங்கள்.

மஞ்சக்கொன்னை என்று இன்னொன்று முதுமலையில் பரவியிருக்கிறது. அதையும் அடியில் அறுத்தால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். கன்றாக இருந்தால் வேரோடு பிடுங்கணும். பெரிய மரமென்றால் இடுப்புயரத்திலிருந்து வேர் வரை பட்டையைச் சுற்றிலும் உரித்து, நின்றபடியே காய விடணும். தமிழ்நாடு காகித ஆலை அந்த மரத்தைக் கூழுக்கு எடுத்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு.

கேள்வி: பி.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன். கோடையில் இரண்டு மாதம் தீக்காவலராக வேலை செய்ய ஆசை. எங்கே விண்ணப்பிப்பது?
- ஒரு மாணவர், கரூர்

பதில்: தம்பி, உன் ஆசையைக் கெடுப்பதாக நினைக்காதே. அந்த வேலை காட்டுக்குள்ளும் ஓரத்திலும் இருக்கிற குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், பணியர் ஊர்களுக்குப் போகிறது. போகவும் வேண்டும். காலையில் பத்துப் பேர் வரிசையாக நடந்தால், முன்னால் போகிறவர் சட்டென்று நின்று கையைத் தூக்குவார். பின்னால் யாரும் ‘என்ன’ என்று கேட்கமாட்டார்கள். மூங்கில் ஒடிகிற சத்தம், காற்றில் வருகிற யானை வாடை, ஏதோ ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கும். இதைக் கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ள முடியாது. புல் காய்கிற காலம் உண்ணிக் காலமும்கூட. செடியைச் சொல்லவில்லை, ரத்தம் உறிஞ்சுகிற உண்ணியைச் சொல்கிறேன். 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் கண்டறிந்த குரங்குக் காய்ச்சல் உண்ணி வழியாகத்தான் பரவுகிறது. வெறும் ஆர்வத்தோடு போய் உட்காருகிற இடமில்லை இது.

வனத்துறையிலேயே சேர வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பைக் கவனி. 2024 குரூப் 4 தேர்வில் வனக்காப்பாளர் பணியிடங்களும் இருந்தன. எழுத்துத் தேர்வோடு நடைத் தேர்வும் உண்டு. ஆண்களுக்கு 25 கிலோமீட்டர், பெண்களுக்கு 16 கிலோமீட்டர், இரண்டுக்கும் நாலு மணி நேரம். இன்றைக்கே நடக்க ஆரம்பி.

கேள்வி: கோடையில் காட்டுக்குள் லாரியில் தண்ணீர் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றுகிறார்களாமே, அவசியமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கிழக்குப் பக்கம் ஓடை வற்றினால் அவசியம்தான். ஆனால் வற்றிய குட்டையைக் கோடையிலேயே தூர்வாரி வைத்தால் அடுத்த வருடம் லாரி நடை குறையும். தொட்டி கட்டினால் விளிம்பு தரைமட்டத்திலும் ஒரு பக்கம் சரிவாகவும் இருக்கணும், உள்ளே விழுந்த குட்டி ஏறி வர.

கேள்வி: தீயணைக்கிற தற்காலிகப் பணியாளர்களுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து ஏதாவது வாங்கிக்கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.
- ஒரு வாசகி, சென்னை

பதில்: 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். சரிவில் தீ ஆளைவிட வேகமாக மேலே ஏறும். மேல்நோக்கி ஓடக் கூடாது, முடிந்தால் ஏற்கெனவே எரிந்த தரைக்குள் போய்விட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது தெரியும். தெரிந்தும் செருப்புக் காலோடு போகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

டி-ஷர்ட், தொப்பி வேண்டாம். கணுக்காலை மூடுகிற தோல் பூட்ஸ் வாங்குங்கள், முன்கூட்டியே கால் அளவு கேட்டு. முழுக்கைச் சட்டை பருத்தியில் இருக்கட்டும். நைலான் கலந்த துணி சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன், நல்ல டார்ச், தீப்புண் மருந்து. வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஜனவரிக்குள் போய்ச் சேரணும், மார்ச்சில் கொடுத்து என்ன பயன்?

துறைக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தீக்கோடு வெட்ட ஓர் ஆள், தீக்காவலுக்கு வேறு ஆள் என்று பிரிக்காதீர்கள். கோட்டை வெட்டியவருக்குத்தான் எந்த வளைவில் காய்ந்த மரம் சாய்ந்து கிடக்கிறது, எங்கே புல் அடர்த்தி என்று தெரியும். டிசம்பரில் எடுத்தவரை ஜூன் மழை இறங்கும் வரை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு மாதக் கூலியும் மாதம் பிறந்ததும் அவர் கையில் கிடைக்கட்டும்.