கரிசல் காட்டில் தோட்டம், தினமும் மதுரைக்கு ஓட்டம்: என் மஹிந்திரா தார் வண்டிக்கு 20 அங்குல அலாயும் எம்டி டயரும் போடலாமா?

20 அங்குலம் வேண்டாம். கள்ளிக்குடிப் பக்கம் தோட்டம், தினசரி நான்குவழிச் சாலை, எப்போதாவது சிறுமலை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றில் எதற்கும் பெரிய ரிம் உதவாது.

ரிம் பெரிதாகப் பெரிதாக சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், குறையும். உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் 255/65 ஆர்18 (அகலம் 255 மி.மீ., சைடுவால் அதில் 65 சதவீதம், ரிம் 18 அங்குலம்) டயரின் சைடுவால் சுமார் 166 மி.மீ. 2020 தாரிலேயே 16 அங்குல ரிம்மோடு வந்த 245/75 ஆர்16 டயரில் அது 184 மி.மீ. மொத்த விட்டத்தை மாற்றாமல் 20 அங்குலம் போட்டால் 140 மி.மீ.தான் மிஞ்சும். கல்லில் ஏறும்போது அமுங்கிக்கொடுப்பது அந்த ரப்பர்தான். காற்றைக் குறைத்து ஓட்டவும் அந்த உயரம் வேண்டும். அது இல்லையென்றால் அடி நேராக ரிம்மில் விழும்.

சரி, எம்டியா (சேற்றுக்கான மட் டெரெய்ன்), ஏடியா (சாலைக்கும் காட்டுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன்)? ஐப்பசி மழையில் கரிசல் எப்படி ஒட்டும் என்று உங்களுக்கே தெரியும். சாதாரண ஹெச்டி (சாலைக்கான ஹைவே டெரெய்ன்) டயரின் பள்ளங்கள் கொஞ்ச தூரத்திலேயே அடைத்துக்கொள்ளும், அப்புறம் வழுக்கல்தான். எம்டியின் பெரிய கட்டைகள் சேற்றை வீசி எறியும், உண்மை. ஆனால் அதே டயர் தார்ச்சாலையில் இரையும், சீக்கிரம் தேயும், ஈரச்சாலையில் பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் எடுக்கும். தினமும் நான்குவழிச் சாலையில் போகிறவருக்கு இந்தக் கடைசி விஷயம் ஒன்றே போதும். உங்களுக்கு ஏடிதான் சரி. கனமழை பெய்த மறுநாள் ஏடியும் அடைத்துக்கொள்ளும். ஒரு வெயில் காயவிட்டு இறங்குங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை சீமைக்கருவேல முள். டிரெட்டில் (தரையில் படும் பகுதியில்) ஏறினால் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம். சைடுவாலில் ஏறினால் அந்த டயரை ஒதுக்க வேண்டியதுதான். மேலூர்ப் பக்கம் குவாரிப் பாதைகளில் கிடக்கும் கல்சில்லும் அங்கேதான் கிழிக்கும். அதனால் டயர் வாங்கும்போது டிரெட் வடிவத்தைவிட சைடுவால் எவ்வளவு கெட்டி என்று கேளுங்கள்.

டயருக்கு மட்டும்தான் பணம் என்றால் இருக்கும் 18 அங்குல ரிம்மிலேயே 255/65 ஏடி போடுங்கள். ரிம்மும் மாற்றுவதாக இருந்தால் 16 அங்குல ஸ்டீல் ரிம் என் தேர்வு. அலாய் பலமாக அடி வாங்கினால் விரிசல் விடும். ஸ்டீல் பெரும்பாலும் வளையும், தட்டி எடுத்துக்கொள்ளலாம். வாங்குமுன் ஒன்றை மாட்டி, பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா, ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுக்க ஒடித்தால் டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆஃப்செட் (ரிம் உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் அளவு) மாறி டயர் ஃபெண்டருக்கு வெளியே துருத்தினால் பேரிங்குக்குக் கூடுதல் சுமை.

சிலர் 265/75 ஆர்16 போடச் சொல்வார்கள். விட்டம் 804 மி.மீ. உங்கள் இப்போதைய 255/65 ஆர்18-ஐவிட கிட்டத்தட்ட 2 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது கூடுதலாக ஒன்றரை கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். இழுவையும் மைலேஜும் குறையும். கிடைக்கிற சுமார் 8 மி.மீ. உயரத்துக்கு இது தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கேள்வி கேட்பார்கள். அந்த மாடலுக்கு நிறுவனமே கொடுத்த அளவுகளுக்குள் இருப்பது நல்லது.

ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தும் ஒரே அளவாக மாற்றுங்கள். ஃபோர் வீல் டிரைவ் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும். விட்டம் வேறுபட்டால் அந்த இழுபறி முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் (இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டியில்) போய் விழும்.

மிச்சப் பணத்தில் ஒரு நல்ல காற்று கம்ப்ரஸர் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். மணலில் 18–20 பிஎஸ்ஐ வரை இறக்கி மெதுவாக ஓட்டலாம். சாலை ஏறுமுன் பழையபடி நிரப்பிவிட வேண்டும். டயரை மாட்டுமுன் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் செய்தது. கடையில் பல வருடம் கிடந்ததைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.