ஆற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மகன்

ஐயா,

உயர்தரம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் மகன் நாள் முழுக்கக் கணினியில் ஆறு ஓட்டிப் பார்க்கிறார், இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வெள்ளாமை செய்பவர். மாரியில் மேற்கே காட்டுப்பக்கம் அடைமழை என்றால், குளம் எப்போது வான் பாயும், வயல்வட்டைக்குள் எப்போது தண்ணீர் ஏறும் என்று மனத்துக்குள் கணக்குப் போடுவீர்கள். மகன் செய்வதும் அதே கணக்குத்தான்.

அவரிடம் இருக்கும் எச்.ஈ.சி-எச்.எம்.எஸ் மென்பொருள் அமெரிக்க இராணுவப் பொறியியல் பிரிவு உருவாக்கியது, இலவசம். பெய்த மழையில் மண் குடித்தது போக எவ்வளவு வழிந்தோடும், அது எத்தனை மணி நேரத்தில் ஆற்றுக்கு வந்து சேரும் என்று அது கணிக்கும். மண்ணையும் நிலப் பயன்பாட்டையும் பார்த்து 'கர்வ் நம்பர்' என்று ஓர் எண் கொடுக்க வேண்டும்; எண் கூடக்கூட வழிந்தோடும் தண்ணீரும் கூடும். 100 மில்லிமீற்றர் மழைக்கு அந்த எண் 75 என்றால் ஏறத்தாழ 41 மில்லிமீற்றர் வழிந்தோடும். காடழிந்து நிலம் இறுகி எண் 90 ஆகிவிட்டால் 73. நூறு சதுர கிலோமீற்றர் நீரேந்து பரப்பில் இந்த வித்தியாசம் மட்டும் ஏறத்தாழ 32 இலட்சம் கன மீற்றர் தண்ணீர்! 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இது வெறும் எண் இல்லை.

ஆனால் ஒன்று. கணித்த நீரோட்டம் ஆற்றில் அளந்ததோடு பொருந்தாவிட்டால், எண்களை இழுத்துப் பிடித்துப் பொருத்திவிடலாம். அது பிழை என்று தெரிய மண்ணும் நீரும் படித்திருக்க வேண்டும். அதனால் மென்பொருளை மட்டும் சொல்லிக்கொடுக்கும் சான்றிதழ் வகுப்புக்குக் காசு கட்டாதீர்கள். அப்படிக் கட்டிய ஒரு பிள்ளைக்குக் கடைசியில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது மட்டும்தான் தெரிந்தது, எனக்கு மனம் வருந்திப்போனது.

சிவில் பொறியியல் கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள். பேராதனை, மொறட்டுவை மட்டுமல்ல, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் பீடம் இருக்கிறது. நீர்ப்பாசனத் திணைக்களம் பொறியியலாளரைத்தான் எடுக்கும், மென்பொருள் தெரிந்தவர் என்று தனியாக எடுக்காது. உள்ளே போன பிறகு இந்தப் பழக்கம் அவருக்குக் கைகொடுக்கும்.

அதுவரை உங்களிடமும் அவர் படிக்கட்டும். அடுத்த அடைமழைக்கு வாய்க்கால் கட்டுக்கு அவரையும் கூட்டிப் போங்கள். மழை எத்தனை மணிக்கு விட்டது, வாய்க்காலில் தண்ணீர் எத்தனை மணிக்கு உச்சத்துக்கு வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.