மணநாள் பூங்கொத்தை வாடாமல் காப்பது எப்படி?

கேள்வி: வரும் நவம்பரில் தூத்துக்குடியில் எனக்குத் தேவாலயத் திருமணம். சிவப்பு, வெள்ளை ரோஜாக்களுடன் ஜிப்சோபிலா என்னும் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்களும் சேர்த்துப் பூங்கொத்துக்குச் சொல்லியிருக்கிறோம். அக்காவின் பூங்கொத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்ததில் பூஞ்சை பிடித்துவிட்டது. என்னுடையதை, ஊற்றியபின் கண்ணாடிபோல் இறுகும் எபாக்ஸி ரெசினில் பதித்து வைக்க ஆசை. வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் ரெசினைப் பற்றி யோசிப்பதற்கு முன், பூவிலுள்ள ஈரத்தை எவ்வளவு சீக்கிரம் வெளியேற்றப் போகிறோம் என்பதை முடிவுசெய்ய வேண்டும். ஈரம் மிச்சமிருக்கும் பூவை ரெசினில் பதித்தால், வெளிப்பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், சில வாரங்களில் உள்ளேயே பழுப்பேறிவிடும். அதன்பின் அதை வெளியே எடுத்துச் சரிசெய்ய வழியே இல்லை.

தலைகீழாகத் தொங்கவிடும் முறை தவறானதன்று. வறண்ட காற்றும் இருட்டும் உள்ள அறையில் இரண்டு மூன்று வாரங்களில் பூக்கள் நன்றாகவே காயும். கடலோர ஊரில், அதுவும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பரில், காற்றே ஈரமாக இருப்பதால், கொத்தின் நடுவிலுள்ள பூக்கள் காய்வதற்குள் பூஞ்சை முந்திக்கொள்கிறது. ஆகவே உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் பூவைப் புதைத்து உலர்த்தும் முறையைத்தான்.

மணல்போல் பொடியாக உள்ள, பூ உலர்த்துவதற்கென்றே விற்கப்படும் சிலிக்கா ஜெல்லை வாங்குங்கள். நீல நிறத்தில் வருவதில் உடலுக்குத் தீங்கான கோபால்ட் குளோரைடு சேர்ந்திருக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. பத்துப் பன்னிரண்டு ரோஜாக்களுக்குச் சில கிலோ தேவைப்படும். 120 டிகிரி செல்சியஸ் அளவில் ஓவன் அடுப்பில் சூடாக்கி ஈரத்தைப் போக்கினால் மறுபடியும் பயன்படுத்தலாம் என்பதால் செலவு வீண்போகாது. அதன் தூசு மூச்சில் ஏறாதபடி முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்.

விழா முடிந்ததும் கொத்தைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டு, காம்பு நுனிகளைச் சற்று நறுக்கித் தண்ணீரில் நிறுத்துங்கள். மறுநாள்வரை வைத்திருக்க வேண்டியிருந்தால், பழங்கள் இல்லாத ஃபிரிட்ஜில் வைக்கலாம். பழங்களிலிருந்து வரும் எத்திலீன் வாயு பூக்களை விரைவில் வாடச்செய்யும். ஃப்ரீஸர் மட்டும் கூடவே கூடாது. இரண்டு நாள்களுக்குள் கொத்தைப் பிரித்து, இதழ்களில் நீர்த்துளி இல்லாத பூக்களின் காம்பை இரண்டு சென்டிமீட்டர் விட்டு நறுக்கிக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லைப் பரப்பி, ரோஜாவை மேல்நோக்கி நட்டு, முதலில் வெளி இதழ்களைச் சுற்றி அணைகட்டுவதுபோல் ஜெல்லைக் குவித்த பிறகே, சின்னக் கரண்டியால் இதழ் இடுக்குகளில் மெல்லச் சொரிய வேண்டும். மேலிருந்து மொத்தமாகக் கொட்டினால் பூ நசுங்கிவிடும். பூ முழுவதும் மூடியபின் டப்பாவை இறுக மூடி ஒரு வாரம் தொடாமல் வையுங்கள்.

இதழ் காகிதம்போல் சலசலத்தாலே பலரும் காய்ந்துவிட்டது என எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இதழுக்கு அடியிலுள்ள பச்சைக் குமிழை. நகத்தால் அழுத்தும்போது அது சற்றேனும் அமுங்கினால், இன்னும் மூன்று நான்கு நாள் உள்ளேயே இருக்கட்டும். ஜிப்சோபிலாவுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. ஏசி அறையில் தொங்கவிட்டாலே காய்ந்துவிடும்.

நிறத்தைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அடர்சிவப்பு ரோஜா காய்ந்தால் ஏறக்குறைய கறுத்துவிடும். வெள்ளை, சந்தன நிறத்துக்கு மாறும். இன்னும் பூ முடிவாகவில்லையென்றால், சிவப்பில் பாதியை இளஞ்சிவப்பாக மாற்றச் சொல்லுங்கள். மினுமினுப்புத் தூளோ வண்ண ஸ்பிரேயோ அடிக்க வேண்டாம் என்றும் பூக்கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

எபாக்ஸி ரெசினை ஒரே தடவையில் ஊற்றினால் சூடேறிக் குமிழிகள் சிக்கும். மெல்லிய அடுக்குகளாக, கையுறையுடன், காற்றோட்டமுள்ள இடத்தில், மழையில்லாத நாளில் ஊற்ற வேண்டும். நாளடைவில் அது மஞ்சளிக்கும். வெயில் பட்டால் இன்னும் விரைவாக. அதனால், ரெசினில் நாலைந்து பூக்களை மட்டும் பதித்து, மற்றவற்றைப் பழைய கொத்தின் வடிவில் சேர்த்து, சிறிய சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் கண்ணாடிப் பெட்டியில் மூடி வைப்பதே என் விருப்பம். அதே வகை ரோஜாக்கள் நாலைந்தை முன்கூட்டியே வாங்கி, உலர்த்துவது முதல் ரெசின் ஊற்றுவதுவரை ஒருமுறை செய்துபார்த்துவிடுங்கள்.